அத்தையின் மோட்டார் ரூம்



போர்வெல் போட்ட பிறகு பூட்டியே கிடந்த பழைய மோட்டார் ரூமை அத்தைக்கு வீடாக்கிவிட்டோம். மாமா போனதிலிருந்து பிள்ளைகள் வீட்டில் மாறி மாறி ஹாலில் படுத்தவர். "எனக்குன்னு ஒரு மூலை குடுடா" என்று கேட்டார்.

பத்துக்குப் பத்து அறை. துருப்பிடித்த மோட்டாரை அகற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, தரை பூசினோம். பின்னால் ஒரு கழிப்பறை. கூரை ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? பாடம் பொய்யில்லை.

கரண்டுக்கு, போர்வெல் லைனிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும் என்றார்கள். 1990 முதல் விவசாயத்துக்கு இலவசமாக வரும் மின்சாரம் அது; வீட்டுக்கு எடுக்கக் கூடாது. உங்களுக்கெல்லாம் நேர்மை சொல்லிக்கொடுத்துவிட்டு நானே செய்யலாமா? தனி இணைப்பு வாங்கினோம்.

எல்லாம் முடிந்ததும் அத்தை கேட்டார்: "உள்பக்கம் தாழ்ப்பாள் எங்கடா?"

மோட்டாருக்கு வெளிப்பூட்டு போதும். மனுஷிக்குப் போதாது. எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று மாலையே போட்டோம். இரவு அத்தை தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

ஊருக்கு வந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.