சுவருக்கு மூச்சு முட்டுது

வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஊர்ல ஒரு பழைய வீடு இருந்தா, பேச்சு எப்பவும் ரெண்டே கேள்வியில வந்து நிக்கும். "வித்துடலாமா? இடிச்சுக் கட்டலாமா?" மூணாவதா ஒரு வழி இருக்கு. ரிப்பேர் பண்ணி அப்படியே வச்சுக்கறது. இன்னிக்கு அந்தக் கதைதான். கொஞ்சம் நீளம், காப்பி எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

எங்க வீடு கொச்சி மட்டாஞ்சேரியில, பஜார் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கு. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து மிளகு மண்டிக்குக் கணக்கு எழுத வந்த தாத்தா வாங்கின வீடு. வெளிச்சுவர் வெட்டுக்கல், உள்சுவர் செங்கல், மேல மங்களூர் ஓடு. வயசு நூறைத் தாண்டியாச்சு. அம்மா அங்கதான் இருக்காங்க. அக்காவும் அத்தானும் காக்கநாட்டுல ஃபிளாட்ல. அண்ணன் டல்லாஸ். நான் லீட்ஸ்.

பிரச்சினை அம்மாவோட ரூம்ல. தரையில இருந்து மூணடி உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் உப்பி, பொரிஞ்சு, உப்பு பூத்து, கட்டிலுக்குப் பின்னாடி கறுப்பா பூஞ்சை. அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. "ரூமை மாத்துங்க, இல்லாட்டி வீட்டை மாத்துங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். காக்கநாட்டுக்கு வாங்கன்னு அக்கா கூப்பிட்டா அம்மா அசையல. "பதினோராவது மாடியில உக்காந்து நான் யாருகூடப் பேசறது?"

பார்க்க வந்த காண்ட்ராக்டர் ஒருத்தர் வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல நாலடிக்கு டைல்ஸ்னு எஸ்டிமேட் கொடுத்தார். தொகையைப் பார்த்த அண்ணன் போன்ல சொன்னான்: "இதுக்கு வித்துடலாம்டா. ஹோம்ஸ்டே போடறவங்க க்யூல நிக்கறாங்க." அவன் சொன்னதும் பொய் இல்ல. 2012ல கொச்சி பியனாலே ஆரம்பிச்ச பிறகு அந்தப் பக்கத்துப் பழைய கிடங்குங்களுக்கும் வீடுங்களுக்கும் வந்த மவுசே வேற.

டைல்ஸ்னு கேட்டதும் எனக்கு திக்னு ஆச்சு. காரணம் லீட்ஸ். இங்க நான் இருக்கறதும் பழைய செங்கல் வீடுதான், விக்டோரியா காலத்து வரிசை வீடு. எனக்கு முன்னாடி இருந்தவங்க செங்கல் இணைப்பு முழுக்க சிமெண்ட் அடைச்சு வச்சிருந்தாங்க. அதனால செங்கல்லோட முகம் தகடு தகடா உதிர்ந்துட்டு இருந்தது. ரெண்டு கோடையில சனி ஞாயிறுல அந்தச் சிமெண்ட்டைக் கையால சுரண்டி எடுத்துட்டு சுண்ணாம்புச் சாந்து அடைச்சேன். இங்க கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது, அதனால எல்லாருமே அரைக் கொத்தனார்தான்.

விஷயம் இதுதான். இங்கயும் சரி, அங்கயும் சரி, பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், காத்துல விடும். காரைப் பூச்சு அதுக்கு வழிவிடும். சிமெண்ட் பூச்சு வழியை அடைச்சுடும். தரையில இருந்து ஏறின ஈரம் வெளிய வர முடியாம இன்னும் மேல ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னாடி படிகமாகி, பூச்சைக் கல்லோட சேர்த்துப் பிடுங்கும். நனைஞ்ச வெட்டுக்கல்லுக்கு பலமும் குறையும். மேல டைல்ஸ் ஒட்டினா இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை. 1824ல போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கின ஜோசஃப் ஆஸ்ப்டின் லீட்ஸ்ல கொத்தனாரா இருந்தவர். வெட்டுக்கல்லுக்கு "லேட்டரைட்"னு பேர் வச்சது ஃபிரான்சிஸ் புக்கானன், 1807ல. அவர் அதைப் பார்த்தது நம்ம கேரளத்து அங்காடிப்புரத்துல. லத்தீன்ல "லேட்டர்"னா செங்கல். ஆக, லீட்ஸ்காரர் சரக்கு மட்டாஞ்சேரிக் கல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்கு!

2023 ஜனவரியில நாலு வாரம் லீவு போட்டுப் போனேன். மழைக்காலத்துல இந்த வேலையைத் தொடக் கூடாது. கொச்சியில வருஷத்துக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை. ஜனவரிதான் சரியான நேரம்.

முதல் மூணு நாள் சுவரைத் தொடவே இல்ல. தண்ணி எங்கிருந்து வருதுன்னு மட்டும் பார்த்தோம். ஓட்டுக்குக் கீழ இருந்த தகரப் பாத்தி ஒரு இடத்துல ஓட்டை, மழைத்தண்ணி நேரா சுவர் அடியில கொட்டியிருக்கு. பின்முற்றத்துல போட்ட கான்கிரீட் தளம் வீட்டைப் பார்த்துச் சரிஞ்சிருக்கு. காயலோரத்து ஊர், நிலத்தடி ஈரம் எப்பவும் உண்டு, அதை ஒண்ணும் பண்ண முடியாது. முதல் ரெண்டையும் பண்ணலாம். பாத்தியை மாத்தினோம். சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு கான்கிரீட்டை உடைச்சுட்டு ஜல்லி நிரப்பினோம்.

அப்புறம் உளியும் சுத்தியலும். 1990கள்ல அப்பா போட்ட சிமெண்ட் பூச்சு. அப்ப ஊரே அதைத்தான் போட்டுச்சு. ஓதக் கோட்டுக்கு மேல இன்னும் ஒரு அடி வரைக்கும் நானும் அத்தானும் கொத்தி எடுத்தோம். சில இடத்துல கல்லும் சேர்ந்து வந்துச்சு. சந்துல போறவங்க எல்லாம் எட்டிப் பார்த்து, "லண்டன் சார் சுவர் பொளிக்குந்நு"ன்னு ஒரே சிரிப்பு. லீட்ஸ்னு சொன்னா யாருக்கும் புரியல, நானும் விட்டுட்டேன்.

சிரிக்காம நின்னு பார்த்தவர் ஒருத்தர்தான். பக்கத்துச் சந்துல இருக்கற வயசான மேஸ்திரி, வேலையை விட்டு வருஷமாச்சு. எல்லாருக்கும் அவர் இக்கா. சுவர்ல உள்ளங்கையை வச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்: "மோனே, இனி ஒரு கொல்லம் தொடண்டா. சுவரு ஸ்வாசம் விடட்டே." ஒரு வருஷம் தொடாதே, சுவர் மூச்சு விடட்டும்.

ஒரு வருஷமான்னு அம்மாவுக்கு ஆயாசம். கட்டிலை முன் ஹாலுக்கு மாத்தினோம். வாரம் ஒரு தடவை சுவர்ல பூக்கற உப்பை அக்கா வந்து காஞ்ச பிரஷ்ஷால தட்டி, முறத்துல அள்ளி வெளிய கொட்டினா. தண்ணி விட்டுக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும், ஞாபகம் வச்சுக்குங்க.

2024 ஜனவரியில பூச்சு வேலை. வேம்பநாட்டுக் காயல்ல அள்ளற கிளிஞ்சலைச் சுட்டு விக்கறாங்க. அதை நீத்தறப்போ தண்ணி கொதிச்சுத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். நீத்த சுண்ணாம்பை மூடி ஊற வச்சு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி (செங்கல் தூள்), ரெண்டு பங்கு மணல். மணல்ல உப்பு இருக்கவே கூடாது. கடுக்காய் ஊற வச்ச தண்ணியில சாந்து குழைச்சது என் ஆசைக்கு. நம்ம பக்கத்துப் பழைய முறை. இக்கா நாற்காலி போட்டு உக்காந்து திட்டிக்கிட்டே இருந்தார். அரை அங்குலத்துக்கு மேல ஒரே தடவையில அப்பக் கூடாது. ஒரு பூச்சு இறுகின பிறகுதான் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவா காய விடணும். கடைசியில வெறும் வெள்ளையடிப்பு. பிளாஸ்டிக் எமல்ஷன் பக்கமே போகல.

ஒரு எச்சரிக்கை. சிமெண்ட்ல கட்டின கான்கிரீட் வீட்டுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். சுவர் சரிஞ்சிருந்தாலோ, விரிசல் வளர்ந்துட்டே போனாலோ, நீங்களும் நானும் கை வைக்கற வேலை இல்ல அது. இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

பலன்? 2024 மழையில கதவு நிலைக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஓதம் திரும்ப வந்தது. மத்த இடம் காஞ்சிருந்தது. அம்மா பழையபடி தன் ரூமுக்கே போயிட்டாங்க. இன்ஹேலர் இன்னும் தலைமாட்டுலதான் இருக்கு. ஆனா ராத்திரி எழுந்து உக்கார்றது குறைஞ்சிருக்குன்னு அக்கா சொன்னா.

அண்ணன் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "எத்தனை வருஷம் தாங்கும்?" சுண்ணாம்புக்கு அப்படி ஒரு கியாரண்டி கிடையாது. வருஷா வருஷம் மே மாசம் ஓடு பார்க்கணும், பாத்தியில சருகு அள்ளணும், உதிர்ந்த இடத்தைத் தட்டி வெள்ளையடிக்கணும். சிமெண்ட் நமக்குப் பிடிக்கறதே, "ஒரு தடவை பணம் அனுப்பு, அப்புறம் மறந்துடு"ன்னு சொல்றதாலதான். காரை வீடு பணத்தைக் கொஞ்சமாத்தான் கேக்குது. ஆள் வரணும்னுதான் கேக்குது.

மட்டாஞ்சேரியிலயே இதுக்கு சாட்சி இருக்கு. 1568ல கட்டின பரதேசி யூதப் பள்ளியைப் பார்க்க இன்னும் உலகமே வருது. அதைவிட மூத்தது, 1544ல எழும்பின கடவும்பாகம் யூதப் பள்ளி. 1950கள்ல அங்க கும்பிட்டவங்க இஸ்ரேல் போயிட்டாங்க. கவனிக்க ஆளில்லாம கிடந்த கட்டடம், 2019 செப்டம்பர் மழையில முன்பக்கம் இடிஞ்சு விழுந்தது. ரெண்டும் வாங்கினது ஒரே ஊர் மழையைத்தான்.

இப்போ எங்க வீட்டு ஏற்பாடு: மே மாசம் அக்காவும் அத்தானும். ஜனவரியில ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் அண்ணன். அண்ணன் மூணு வருஷத்துக்குத்தான் சம்மதிச்சிருக்கான். அதுக்கப்புறம் விக்கறதா வேண்டாமான்னு உக்காந்து பேசலாம்னு இருக்கோம். அது போதும் எனக்கு.

உங்க ஊர்லயும் பழைய வீடு இருந்தா, அடுத்த தடவை போறப்போ எஸ்டிமேட் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. சுவர்ல உள்ளங்கையை வச்சு, எந்த உயரம் வரைக்கும் ஜில்லுன்னு இருக்குன்னு பாருங்க. அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதிட்டு வாங்க. மழை முடிஞ்சதும் வீட்ல இருக்கறவங்களை அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. கோடு மேல ஏறியிருக்கா, இறங்கியிருக்கான்னு தெரிஞ்ச பிறகு, செலவைப் பத்தி யோசிக்கலாம்.