குறைக்கிற பெட்டி

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னையில் வாங்கிய பவர் ஆம்ப்ளிஃபயரை அரியலூர் ஸ்டேஷனில் இறக்கி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்து ப்ரீஆம்ப்.

"வீட்ல சார் வரலைங்களா?" என்றார் கடைக்காரர். சார் இல்லை, பேசிவ் ப்ரீஆம்ப்தான் வேண்டும் என்றேன்.

அதற்கு மின்சாரம் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு செலக்டர் சுவிட்ச், ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். சிடி ப்ளேயர் 2 வோல்ட் வரை தருகிறது. என் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தம் போட 1 வோல்ட் போதும். கூட்டுவதற்கு அங்கே வேலையில்லை, குறைத்தால் போதும். (ரெக்கார்ட் ப்ளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஃபோனோ ஸ்டேஜ் தனியாக வேண்டும்.)

"குறைக்க மட்டும் தெரிஞ்ச பெட்டிக்குக் காசா அக்கா?" என்று தம்பி சிரித்தான். காசு வாங்காமலே குறைப்பவர்களைப் பதினோரு வருடம் பார்த்தவள் நான். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தால், அவர் எழுந்துபோய் என் ரேடியோவைக் குறைப்பார்.

கடையில் எல்லாப் பெட்டியையும் முழுச் சத்தத்தில்தான் போட்டுக் காட்டுகிறார்கள். நான் கேட்பதோ ராத்திரி பத்து மணிக்கு மேல், பாத்திரம் கழுவி, நோட்டுத் திருத்தி முடித்த பிறகு. 2 வோல்ட் வருகிற இடத்தில் அந்த அளவுக்குக் குமிழை லேசாகத் திருகினாலே போதும். மலிவான வால்யூம் கண்ட்ரோல்கள் காலை வாருவதும் அங்கேதான்: இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் குறையாது, பாடுகிறவர் ஓரமாய் ஒதுங்கிவிடுவார். அதனால் 10 கிலோ ஓம் ஸ்டெப்டு அட்டெனுவேட்டர் வாங்கினேன். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ரெசிஸ்டர். திருகினால் டிக் டிக் என்று ஏறும். விலை அதிகம்தான். என் சம்பளம், யாரிடமும் கேட்கவில்லை.

பேசிவ் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஒயர் நீளமானால் மேல் ஸ்தாயி மங்கும். அரை மீட்டரோடு நிறுத்தினேன். ஷோகேஸில் வைக்கச் சொன்னார்கள். எல்லாம் என் கட்டிலருகே வந்துவிட்டது.

முதலில் கே.பி. சுந்தராம்பாள். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடி வளர்ந்தவர். 1935இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் சம்பளம் வாங்கியவர். அவரை மூன்றாவது படியில் வைத்தேன். நடுவில் நின்று பாடினார்.

"பாப்பா, கொஞ்சம் கூட்டி வையேன்" என்றாள் உள்ளே படுத்திருந்த அம்மா. "எனக்கும் கேக்கட்டும்."