தொள்ளாயிரம் பதினாறு

பிரம்மதேசத்துக்கு வெளியூர்க்காரர்கள் போவது பெரும்பாலும் சோழர் கோயில்களைப் பார்க்கத்தான். நான் போனது ஒரு மினி டெம்போவின் முன்சீட்டில், பின்னால் துருப்பிடித்த மிலிட்டரி சக்கர டிஸ்க்குகள் கடகடக்க. விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பெயரில் ஊர் ஒன்றுக்கு மேல் உண்டு. மரக்காணம் பக்கம் ஒன்று இருக்கிறது. நான் சொல்வது எண்ணாயிரத்தை ஒட்டியது. ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களுமாக வேதக் கல்லூரி நடந்ததாகக் கல்வெட்டு சொல்கிறதே, அந்த எண்ணாயிரம்.

அங்கே களத்துமேட்டுக் கொட்டகையில் அண்ணன் ஒரு டாட்ஜ் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார். அண்ணன் என்றால் உறவில்லை, பழக்கம். வண்டி அமெரிக்க ராணுவத்துக்காக 1942 முதல் 1945 வரை செய்த முக்கால் டன் 'வெப்பன் கேரியர்' வகை. போர் முடிந்ததும் இப்படிப்பட்ட வண்டிகளைத் திரும்பக் கப்பலேற்றுவது கட்டுப்படியாகாமல் இங்கேயே டிஸ்போசலில் தள்ளினார்கள். வாங்கியவர்கள் அவற்றை லாரியாக்கினார்கள், எஸ்டேட்டில் மூட்டை ஏற்றினார்கள். அண்ணன் வண்டியும் எங்கோ மலையில் மரம் இழுத்துவிட்டு வந்ததுதான். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு யாரோ டீசல் போட்டிருக்கிறார்கள். அதைக்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டார். சக்கரம் மட்டும் அசல் மிலிட்டரி சக்கரமாகவே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம்.

அந்தச் சக்கரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ரிம் இரண்டு பாதியாக வரும். நடுவே டயரை மாட்டி, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உள்ளே ஒரு வளையம் டயரின் இரண்டு ஓரங்களையும் ரிம்மோடு அழுத்திப் பிடித்திருக்கும். குண்டு பட்டுக் காற்று போனாலும் டயர் கழன்று ஓடாது. கொஞ்ச தூரம் தப்பித்து ஓடிவிடலாம். இதையே பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்தால் எமன். காற்று இருக்கும்போது சுற்றுப் போல்ட்டைக் கழற்றினால் பாதி ரிம் பறந்து வந்து ஆளை அடிக்கும். இன்னொரு வம்பு, இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடது மரை. வழக்கப்படி திருப்பினால் இறுகும். தெரியாதவர்கள் பைப்பை மாட்டி ஏறி மிதித்து ஸ்டட்டை ஒடித்து வைத்திருப்பார்கள். எந்தப் பழைய டாட்ஜைப் பார்த்தாலும் முதலில் இடப்பக்க ஸ்டட்டைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்குகளைச் சென்னைப் புதுப்பேட்டையில் பிடித்தேன். கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் வண்டியைப் பிரித்து உறுப்பு உறுப்பாக அடுக்குகிறவர்களுக்கு மிலிட்டரி சாமான் புதிதல்ல. இப்போது ராணுவம் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் லாட்டாகப் போகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலம் எடுத்தவரிடமிருந்து கைமாறிக் கைமாறிச் சில்லறை இங்கே வந்து சேர்கிறது. டிஸ்க் இரும்பு, மணல் வீசிச் சுத்தம் செய்தால் பிழைத்துக்கொள்ளும். டயர் அப்படியில்லை. "ஓடாத டயர் சார், டிப்போவிலேயே கிடந்தது" என்று ஒருவர் காட்டினார். பட்டன் தேயாமல் புதிதாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் தயாரிப்புக் குறியைத் தேடினேன். 2000-க்குப் பிறகு வந்த டயர் என்றால் வாரமும் வருடமுமாக நான்கு இலக்கம் இருக்கும், இதில் மூன்றுதான். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காற்றிலும் வெயிலிலும் கிழடுதட்டும். விரலால் அழுத்தினால் சுவர் முழுக்கப் பொடி வெடிப்பு. வேண்டாம் என்றேன்.

ரப்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு சாலைக்கு வருகிறேன். 1942-இல் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்ததும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. கைவசம் மிஞ்சிய பெரிய தோட்டங்கள் இலங்கையில். அங்கே மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்டச் சீவிப் பால் எடுத்தார்கள். மலாயாவிலும் இலங்கையிலும் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ராணுவ வண்டிகளின் கதையை எழுதுகிறவர்கள் குதிரைசக்தியைச் சொல்வார்கள், கியரைச் சொல்வார்கள். பால் எடுத்தவர்களை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு ரீட்ரேடிங் பட்டறையில் நிறுத்தி, டாட்ஜின் டயர் சைஸைச் சொன்னேன்: 9.00-16. குறுக்கே ஒன்பது அங்குலம், ரிம் பதினாறு அங்குலம். பட்டறைக்காரர் புள்ளியை விட்டுவிட்டுத் "தொள்ளாயிரம் பதினாறா?" என்றார். பிறகு சிரித்தார். "இதுக்கா சார் மெட்ராஸ்ல தேடுனீங்க? கரும்பு டிரெய்லர் டயரு. எத்தினி ஜோடி வேணும்?"

உண்மைதான். விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்களின் காலடியில் குனிந்து பாருங்கள். 1942-இன் அதே அளவு பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அந்த டாட்ஜ் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் டயர் அளவை மட்டும் இந்திய விவசாயி ஓய்வு பெற விடவில்லை, கம்பெனிகளும் அச்சை உடைக்கவில்லை. மிலிட்டரி உபரி என்று நான் தேடிய பொருளுக்கு இந்தக் கரும்புச் சீமையில் ஒவ்வொரு சீசனிலும் கிராக்கி.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. அசல் டயர் எட்டு பிளை. டிரெய்லர் டயர் பெரும்பாலும் பதினாறு. நூல் அடுக்கை எண்ணிய காலத்துக் கணக்கு அது. இப்போது தாங்கும் சுமைக்கான குறி மட்டும்தான். ஆனாலும் டயர் விறைப்பு, வெற்று வண்டியில் குலுக்கும். டிரெட்டும் வேறு. ராணுவ டயரின் கட்டைப் பட்டன்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பிடி கொடுக்கும். இடம் வலம் பார்க்காமல் எந்தச் சக்கரத்திலும் மாட்டலாம். டிரெய்லர் டயரில் நேர்க்கோடு. தானாக உருளாமல் இழுத்த இழுப்புக்கு வருகிற சக்கரத்துக்கு அது போதும்.

திண்டிவனத்திலிருந்து வாங்கிப் போன டயரின் கோடுகளைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுளித்தார். "இன்னாப்பா, கரும்பு வண்டி மாதிரி கீது." பட்டறைக்காரர் சொல்லி அனுப்பிய யோசனையைச் சொன்னேன்: இதே டயரில் பட்டன் டிரெட் ரப்பர் ஒட்டி வாங்கலாம். எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-இல் டிரெட் ரப்பருக்கு வந்து, அதற்குப் பிறகுதானே டயர் போட்டது என்று கொஞ்சம் வக்காலத்தும் வாங்கினேன். என்னைக் கேட்டால் கோடு போட்ட டயரிலேயே ஓட்டலாம். எண்ணாயிரம் வரை போய்த் திரும்பி வராத வண்டிக்கு அசல் டிரெட் இருந்து என்ன? கண்காட்சியில் துணி மூடி நிற்கும் வண்டிகள் மேல் எனக்கு மரியாதை வந்ததில்லை.

கடைசியில் முன்பக்கம் இரண்டுக்கும் பட்டன் ஒட்டுவது, பின்பக்கம் கோட்டோடு விடுவது என்று முடிவானது. உள்ளூர்ப் பஞ்சர் கடைத் தம்பிக்கு இடது மரையைக் காட்டிக்கொடுத்து, சுற்றுப் போல்ட் அத்தனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்தோம், காற்றோடு யாரும் கை வைக்கக் கூடாதென்று. ஸ்டெப்னி விஷயத்தில் மட்டும் அண்ணன் மசியவில்லை. அது வண்டியின் பக்கவாட்டில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுவது. அதற்கு வெடிப்பு விட்டாலும் மிலிட்டரி டயர்தான் வேண்டுமாம். நான் வேண்டாம் என்று விட்டுவந்த அந்த மூன்று இலக்க டயர் இன்னும் புதுப்பேட்டையில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.