கல்லடியில் ஒரு திருத்தும் மேசை

மேசையில் ஒரு காட்போட் துண்டு. அதில் பென்சிலால் லெப்டொப்பின் அடிப்பாகம் கீறப்பட்டிருக்கிறது. கழற்றிய ஒவ்வோர் ஆணியும், லெப்டொப்பில் எங்கே இருந்ததோ அதே இடத்தில், காட்போட்டில் குத்தி நிற்கிறது. மொத்தம் பதினொன்று. முன்பக்கத்து மூன்று கட்டை, மற்ற எட்டும் நெட்டை.

“ஒண்டு மாறினாப் போதும் அண்ணன். நெட்டை ஆணி கட்டைக் குழிக்குள்ள போய் போர்டையே குத்திரும்” என்கிறார் கடைக்காரர். வேறெங்கோ திறந்து மூடும்போது அப்படிக் குத்துப்பட்ட மதர்போர்ட் ஒன்று அவருடைய சுவரில் தொங்குகிறது. தொழில் பழகும் பையனுக்கு முதல்நாள் காட்டிய பாடம் அதுதானாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தால் வருகிறது இந்தக் கடை. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, கீழே வாவி. பாலம் இறங்கிக் கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் கடல். உவர்நீர் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் இந்த நிலத்துண்டில் உப்புக் காற்று எல்லாப் பக்கத்தாலும் வரும். ஜன்னல் கொண்டி துருப்பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். லெப்டொப்புக்குள்ளும் அதே துரு பிடிப்பதைத் திறந்து பார்ப்பவர் மட்டுமே காண்கிறார். யூஎஸ்பி வாயைச் சுற்றிப் பச்சை பூத்த செம்பையும், மின்விசிறி ஆணியின் தலையில் செங்கல் நிறத்தில் படிந்த துருவையும் விளக்கை நெருக்கிப் பிடித்துக் காட்டினார். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பல்துலக்கும் பிரஷ்தான் அதற்கு மருந்து. பத்து நிமிட வேலை. ஆனால் பொறுமை வேண்டும்.

கடையில் இரண்டு பேர். முப்பதுகளில் இருக்கும் உரிமையாளர், கணினி வன்பொருளில் என்விகியூ நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்தவர். மற்றவர் உயர்தரம் எழுதிவிட்டுத் தொழில் பழக வந்த பையன். மல்டிமீட்டர், சூட்டுக்காற்று அடிக்கும் கருவி, வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளை, ஒரு நுணுக்குக்காட்டி ஆகியவைதான் முதல். பழைய மதர்போர்ட்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அது குப்பை இல்லை, உதிரிப்பாகக் களஞ்சியம்.

நான் போன நாளில் வரிசையில் இருந்த ஆறு லெப்டொப்பில் நான்கு ‘கேமிங்’ ரகம். விளையாடுகிறவர்களின் கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கில் ஒன்று மட்டுமே முழுக்க விளையாட்டுக்கு. ஒன்று கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்ரூடியோக்காரருடையது. இன்னொன்று கட்டட வரைபடம் போடும் இளைஞருடையது. நான்காவது கம்பஸ் மாணவனுடையது. கிராபிக்ஸ் சிப் தனியாக உள்ள லெப்டொப்களில் விலை குறைந்தது பெரும்பாலும் கேமிங் ரகம் என்பதால் வேலைக்காரரும் விளையாட்டுக்காரரும் ஒரே பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பெட்டி பழுதானால் பாதிக்கப்படுவது ஒரு வீட்டின் வருமானமும்தான்.

மாணவனின் லெப்டொப்பைக் கொண்டுவந்தவர் அவனுடைய தாய்.

“தம்பி, இது மகன்ட. கொஞ்ச நேரம் நல்லா ஓடுதாம், பிறகு இழுக்குதாம். புதுசுதான், ரெண்டு வருசம்கூட ஆகல்ல.”

“ஓம் அக்கா, வச்சிட்டுப் போங்க. பின்னேரம் பார்த்துச் சொல்றன்.”

அந்த ஒரு வரியிலேயே நோய் என்னவென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பழைய 100 வாட் குண்டு பல்ப் எரியும்போது கையால் தொட முடியாது. கேம் ஓடும்போது பிரசசரும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து அந்த அளவுக்கோ அதற்கு மேலோ மின்சாரத்தைக் குடித்துச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு முழுவதும் ஒரு பாடப்புத்தகத் தடிப்பிலுள்ள பெட்டிக்குள்ளிருந்து செப்புக் குழாய் வழியாகவும் இரண்டு சின்ன விசிறிகள் வழியாகவும் வெளியேற வேண்டும். வெளியே மட்டக்களப்பு வெயில் 33 பாகையில் நின்றால் விசிறி உறிஞ்சுவதும் அதே சூட்டுக் காற்றுத்தான். இன்டெல் பிரசசர்கள் பெரும்பாலும் 100 பாகையை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மகன் சொன்ன ‘இழுக்குது’ அதுதான். லெப்டொப் பழுதாகவில்லை, மூச்சுத் திணறுகிறது.

அடித்தகடு திறந்தது. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கம்பளித் துண்டுபோல. சாமணத்தால் பிடித்து இழுத்தார். அப்படியே ஒரு முழுத் துண்டாக வந்தது. தலைமுடியும் துணிநூலும் மணல் தூசியும் திரண்டு காற்றுவாயை முழுக்க அடைத்திருந்தன. மிச்சத் தூசியை ஊதித் தள்ளும் முன் பிளாஸ்டிக் குச்சியொன்றை விசிறியின் இதழ்களுக்கிடையில் செருகினார். ஊதுகுழலின் காற்றில் விசிறி கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் அதன் தாங்கி கெடும்; சுழலும் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி போர்டுக்கு அனுப்பவும் கூடும். வீட்டில் தாமே ஊதித் துப்புரவாக்குகிறவர்கள் கட்டாயம் பழக வேண்டிய கைப்பழக்கம் இது.

பிறகு செப்புத் தகட்டைத் தூக்கினார். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்து, ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் சிப்பின் வெறும் மேற்பரப்பு கண்ணாடிபோல மினுங்கியது. பழசைத் துடைத்துப் புதுப் பசை வைப்பதை எவரும் யூடியூப் பார்த்துச் செய்துவிடலாம். தவறு நடப்பது மெமரிச் சிப்புகளின் மேல் ஒட்டும் மெத்தென்ற பட்டைகளில். அரை மில்லிமீற்றர், ஒன்று, ஒன்றரை என்று தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். அரை வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்தால் தகடு அந்தப் பக்கம் உயர்ந்து பிரசசரைத் தொடாமல் நிற்கும். திருத்திய பிறகு முன்னைவிடக் கூடச் சூடாகும். சில லெப்டொப்களில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசப்பட்டிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினால் போர்ட் போய்விடும். அதை வீட்டில் தொடவே வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பான புத்திமதி.

மூடிவிட்டு ஒரு கேமை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். திறக்கும் முன் 98இல் நின்ற சூடு இப்போது 81.

நடுவில் கம்பஸ் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். புதிதாக வாங்கப் போகிறார்களாம். இரண்டரை இலட்சமா மூன்றரை இலட்சமா என்று இன்னும் முடிவில்லை. திருத்துகிறவரிடம் ஆலோசனை கேட்க வந்தது எனக்குப் பிடித்திருந்தது. விற்கிறவர் லெப்டொப்பை முன்பக்கத்தில் பார்ப்பார்; இவர் பார்ப்பது பின்பக்கம்.

அவர் முதலில் சொன்னது, ஸ்டிக்கரில் எழுதிய பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்று. லெப்டொப்பில் வரும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 80 வாட்டிலும் ஓட்டலாம். எத்தனை வாட் கொடுப்பது என்பதைக் கம்பனி தீர்மானிக்கிறது. 4050 சிப்புக்கு இந்த இடைவெளி 35இலிருந்து 115 வரை. ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு லெப்டொப்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமென்று கட்டாயமில்லை. மெல்லியதாக, அழகாக இருப்பது பெரும்பாலும் வாட் குறைந்தது. 3050க்குப் பெரும்பாலும் 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, 4050க்கு 6 ஜிபி. இந்த மெமரியைப் பிறகு கூட்ட முடியாது. அதனால் காசு இருந்தால் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். 2050 என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம் என்றும் சொன்னார். அதன் மெமரிப் பாதை 64 பிட் மட்டுமே, 4 ஜிபி 3050இல் இருப்பதில் பாதி.

ரேம் விடயம் நேர்மாறு. 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு வந்தாலும் இரண்டாவது குழி வெறுமையாக இருந்தால் கவலையில்லை. பிறகு இன்னொன்று போடலாம். இரண்டு குச்சி சேர்ந்தால் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரியக் கூடும். போர்டிலேயே ரேமை ஒட்டி, குழி வைக்காமல் வரும் மொடல் என்றால் வாங்கும்போதே 16 ஜிபி வேண்டும். ஏசர் நைட்ரோ, லெனோவோ லோக், எச்பி விக்டஸ், அசூஸ் டஃப் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே: “எத்தின வாட், எத்தின குழி?”

கடையில் வாங்கும்போது சாஜரைச் செருகி, ஏதாவதொரு கேமைப் பதினைந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்றார். மூடியை ஓர் ஓரத்தில் பிடித்துத் திறந்து பாருங்கள்; அடிப்பாகம் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தால் அதன் கீல் இறுக்கம். விலை குறைந்த லெப்டொப்களில் கீலின் ஆணி போய் இறங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழில். இறுக்கமான கீலை ஒரு மூலையால் தினமும் இழுத்தால் ஒருநாள் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். எபொக்சி வைத்து ஒட்டலாம். புதுசுபோல வராது. மூடியை எப்போதும் நடுவில் பிடித்துத் திறந்தால் இந்தத் திருத்த வேலையே தேவைப்படாது.

பையன்கள் குறித்துக்கொண்டு போனார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு அவர் ஒன்றும் வாங்கவில்லை.

அவர் தொழிலில் நின்று பிடித்தது 2022இலாம். மார்ச் முதல் வாரம் வரை 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. புது லெப்டொப் வாங்க வழியில்லாமல் போன சனம் பழசைத் தூக்கிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் சாஜரும் பவர் பகுதியும் எரிந்த போர்ட்கள் குவிந்தன. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலிருந்து வர வேண்டிய பாகம் வராது. வந்தாலும் விலை கட்டுப்படியாகாது. ஆகவே, முழு போர்டையும் மாற்றுவதை விட்டு, எரிந்த ஒற்றைப் பாகத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையை அவர் அந்த வருடம்தான் கையாலே கற்றார்.

அதை எனக்கும் காட்டினார். ஸ்ரூடியோக்காரரின் லெப்டொப், உயிரே இல்லை, சாஜர் விளக்கும் அணைந்துபோகிறது. மல்டிமீட்டரை வைத்தார், பிரதான மின்பாதை நிலத்தோடு ஒட்டியிருப்பதாக ஊளையிட்டது. அந்தப் பாதையில் டசின் கணக்கில் கப்பாசிற்றர்கள், ஒவ்வொன்றும் குறுணி அரிசியிலும் சின்னது. எது குற்றவாளி? பவர் சப்ளையை 1 வோல்ற்றுக்கு இறக்கி அந்தப் பாதைக்குள் மின்சாரத்தை விட்டார். போர்ட் முழுக்க அல்ககோலைப் பூசினார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரம் மினுங்கிய பலகையில் ஓரிடம் மட்டும் சட்டென்று உலர்ந்து வெளிறியது. ஷோர்ட்டான பாகத்துக்குள்தான் மின்சாரம் பாயும், அதுதான் சூடாகும், அதன் மேல் ஈரம் முதலில் காயும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மயிரளவு வெடிப்பு. களஞ்சியப் பெட்டியிலிருந்து ஒரு பழைய போர்டை எடுத்து, அதே ரகக் கப்பாசிற்றரைச் சூட்டுக்காற்றால் பெயர்த்து இங்கே வைத்தார். விளக்கு எரிந்தது. பையன் சிரித்தான்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. வரைபடக்காரரின் லெப்டொப்பில் கிராபிக்ஸ் சிப்பே செத்திருந்தது. அதைச் சூடாக்கினால் சில நாள், சில வாரம் உயிர் வரும், திரும்பவும் சாகும். அப்படிச் சூடாக்கிக் காசு வாங்குகிற கடைகள் உண்டு. இவர் செய்வதில்லை. இரண்டு நாள் மினக்கெட்டு அளந்து பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுத்தனுப்பினார். “சரிவரல்லையே அண்ணன், பிறகென்ன காசு?” என்று சொல்லி வரைபடக்காரர் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் வேலைக்குக் கூலி பூச்சியம். இது அபூர்வமில்லை, இங்கே வழக்கமே இதுதான். டொக்டர் பார்த்து ‘மருந்து வேண்டாம்’ என்றால் நாம் காசு கொடுக்காமலா வருகிறோம்?

வெளியே வரும்போது பின்வாசலில் மணல் நிரப்பிய தகர டின் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே பொம்மிப்போன பற்றரிகள். எந்த நேரமும் சாஜரில், முழுச் சாஜில், சூட்டில் கிடக்கும் லித்தியம் பற்றரிக்குள் வாயு உண்டாகி அது தலையணைபோல வீங்கும். முதல் அடையாளம், விரலால் தடவும் டச்பாட் மேலே எழும்புவது. குத்தினால் தீப்பிடிக்கும் என்பதால் மணலுக்குள் வைத்திருக்கிறார். மின்னணுக் கழிவு சேகரிப்பதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்கக் காத்திருக்கிறாராம். சனம் இதை வாவிக்குள் எறிவதைக் கண்டிருப்பதாகச் சொன்னபோது அவருடைய குரல் முதன்முறையாக உயர்ந்தது.

பின்னேரம் தாய் வந்தார். மகனுக்குச் சொல்ல வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார் கடைக்காரர்: மெத்தையில், தலையணையில் வைத்து ஓட்டாதே. பற்றரி சாஜை 80இல் நிறுத்தும் வசதி இதில் இருக்கிறது, அதைப் போட்டு வை. இடி முழங்கினால், கரண்ட் போனால் வயரைக் கழற்று. இதன் சாஜர் 180 வாட். கூட்டாளியின் 65 வாட் சாஜரைச் செருகாதே. வருடத்துக்கு ஒருமுறை திறந்து தூசி எடு.

உங்கள் ஊரிலும் இப்படியொருவர் இருப்பார். புது லெப்டொப் வாங்கும் முன் அவரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். பழுது பார்க்கக் கொடுத்தால், சரிவந்தாலும் வராவிட்டாலும், பார்த்ததற்கான கூலியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.