மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. ஆனால் பத்துப் பேர் கூடிப் பேசுமிடத்தில் இது பொருந்துமா? சற்றே சிந்திப்போம், தோழியரே!

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பர். இன்று எங்கள் குமராட்சி ஒன்றியத்திலும் இக்குழுக்கள் உள்ளன. விடுமுறை நாட்களில் அன்னையருடன் நாங்களும் சென்று ஓரமாக அமர்ந்து கவனிப்பதுண்டு.

சேமிப்புப் பணத்தில் இம்முறை யாருக்குக் கடன் தருவது என்ற பேச்சு எழும். ஒருவர் உரத்த குரலில் ஒரு பெயரைச் சொல்வார். அடுத்தவர், “அக்கா சொல்றதுதான் சரி” என்பார். மூன்றாமவர், “நான் சொல்றேன்னு தப்பா நினைக்கக் கூடாது” என்று தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். இன்னொருவர் தம் கருத்தைப் பக்கத்திலிருப்பவர் காதில் சொல்ல, அவர் அதைச் சபைக்குச் சொல்வார். கதவோரம் அமர்ந்திருப்பவரோ, “எல்லாரும் சொன்னா சரிதான்” என்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருப்பார். கொள்ளிடத்து வெள்ளத்தில் நாற்று அழுகி, மறு நடவுக்குப் பணமின்றித் தவிப்பவர் அவராகவே இருக்கலாம். ஆயினும் தீர்மானப் புத்தகத்தில் அவரும் கையெழுத்திடுவார். வாய் திறவாதவர் கருத்து எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை!

ஒருநாள் கூட்டத்தை நடத்தியவர் அனைவரையும் வட்டமாக அமரச் செய்து, கதவோரத்திலிருந்தே கேட்கத் தொடங்கினார். உடனே பதில் வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி வந்த நான்கு வார்த்தைகளில் கடன் வரிசையே மாறிவிட்டது. உரத்துப் பேசியவரும், “இது எனக்குத் தெரியாமப் போச்சே!” என்று மனமுவந்து விட்டுக்கொடுத்தார்.

வகுப்பறையில் ஆறு ஆறு பேராகப் பிரிந்து விவாதிக்கும் போதும் இதே நிலைதான். தாளின் தலைப்பில் ‘குழுவின் கருத்து’ என்றிருக்கும். உள்ளே இருப்பதோ ஒருத்தியின் கருத்து!

வள்ளுவர் ‘அவையஞ்சாமை’ என்று தனி அதிகாரமே வகுத்தார். அஞ்சாமல் பேசப் பழகுவது நம் கடமை. அஞ்சி நிற்பவளைப் பேச வைப்பதும் நம் கடமையன்றோ? ஆகவே தோழியரே, அடுத்த முறை குழுவாக அமரும்போது ஓரத்தில் இருப்பவளிடம், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று முதலில் கேட்போம். கேட்டபின், பதில் வரும்வரை பொறுத்திருப்போம்.