மேசைக்குள் கிடந்த சுற்றறிக்கை

ஆயர் தாவார் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். உபகாரச் சம்பளம், கல்விக் கடன் என்று எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் அதை இந்திய மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தப் பொறுப்பில் நான் ஓரவஞ்சனை செய்தேன்.

எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கக்கூடிய பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பொதுச் சேவைத் துறை, பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா என்று அவர்களுக்கு வரிக்கு வரி பாரம் நிரப்பிக் கொடுத்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கோலாலம்பூர்வரை கூடவே போயிருக்கிறேன். அவர்கள் தேர்வானபோது பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் நானும் நின்றேன். அந்தப் படத்துக்காகவும்தான் உழைத்தேன்.

நான் கூப்பிடாத மற்றவர்கள் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், தோட்டம் கைமாறியதும் தாமான் வீடுகளுக்கு வந்து ஒண்டிக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தேன். அதனால் உதவி என்பது கெட்டிக்காரர்களுக்குத் தரும் பரிசு என்று மனத்தில் ஊறிவிட்டது.

சுற்றறிக்கைகள் அப்படிச் சொல்லவில்லை. வேலையில் விபத்துக்குள்ளாகி இறந்த தொழிலாளியின் பிள்ளை மேலே படிக்க, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் கல்விக் கடன் உண்டு. உடற்குறையுள்ள மாணவர் சமூகநலத் துறையில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை எடுத்திருந்தால், திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகையை உயர்கல்வி அமைச்சு தருகிறது. வெல்டிங்கோ குளிர்சாதன வேலையோ பழக நினைக்கும் பையனுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் இருக்கிறது. 1960இல் அன்றைய அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய பால்மரத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அது கல்விக்கு உதவி வந்திருக்கிறது. "உங்க வீட்டுல யாராவது அதுல உறுப்பினரா?" என்று வகுப்பில் நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு மாணவி. அப்பா தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து இறந்தவர். எஸ்.பி.எம்.மில் சுமாரான தேர்ச்சி. ஆனாலும் ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், அம்மா காசில்லைங்கிறாங்க. போகட்டுமா, வேணாமா?" என்று கேட்டாள்.

சொக்சோ சுற்றறிக்கை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அது நினைவுக்கு வந்தது. பாரம் வாங்கவும் மரணச் சான்றிதழ் தேடவும் அவள் அம்மாவோடு அலைய வேண்டியிருக்கும், இவ்வளவு பாடுபட்டு இவள் என்ன சாதித்துவிடப் போகிறாள் என்று கணக்குப் போட்டேன். "தம்பி தங்கச்சிங்க இருக்காங்கல்ல, குடும்பத்தப் பாரும்மா" என்றேன். பொறுப்பான அறிவுரை சொன்னதாக அன்று நம்பவும் செய்தேன். அவள் சித்தியவானில் ஒரு பேரங்காடிக் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று மேடைகளில் ஆவேசமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் அவளைப் பொறுத்தவரை, கதவை அடைத்தது நான்தான்.

அவளை இப்போதும் பாசார் மாலாமில் பார்க்கிறேன். "சார்" என்று நின்று, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி இதுவரை அவளிடம் சொல்லவில்லை. அவள் இதை வாசிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.