பாறைக்குள் நாலு பேர்

முடிவு பெறாத விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை எழுதி அனுப்புவது நாலைந்து வருஷமாக என் பழக்கம். இதற்குப் பணம் கிடையாது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளை வெளியிடுமுன் வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பார்கள். பீட்டா என்று பெயர். எனக்கு வேலை பெரம்பலூரில், வங்கிக் கிளையொன்றில் குமாஸ்தா. வீடு அரியலூரில். மாலை பஸ்ஸில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு சேர்ந்தால், எட்டிலிருந்து பத்து மணி வரை சர்வர் திறந்திருக்கும். இலக்கிய நண்பர்களுக்கு இது தெரிந்தபோது, சீட்டாட்டம் என்றிருந்தால் மன்னித்திருப்பார்கள் போலிருந்தது.

நான் சோதித்தவற்றின் பெயர்களைச் சொல்ல முடியாது. சேரும்போதே வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். ஊரறிந்ததைச் சொல்லலாம். பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. ஏறக்குறைய அதே விளையாட்டு 2021 ஜூன் 17இல் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் சோதனை வடிவமாகவும், ஜூலை 2இல் முழுமையாகவும் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நிறுத்தப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. புனேயில் செய்த இண்டஸ், வெகுநாள் சோதனையில் இருந்து 2024 அக்டோபரில் வெளிவந்தது. அரியலூர்க்காரனுக்கு இதெல்லாம் அதிசயமில்லை. எங்கள் மாவட்டமே 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது.

குறை எழுதுவதற்கு ஒரு படிவம் உண்டு. என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, பத்து முறை செய்தால் எத்தனை முறை நடக்கிறது, எந்த செல்போன். 'பிரமாதம்' என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். 'மோசம்' என்றாலும் அப்படித்தான். நான் போய் விழுந்த குழியில் முன்பின் தெரியாத இன்னொருவன் என் வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு வந்து விழ வேண்டும். அப்போதுதான் குறை குறையாக ஏற்கப்படும். பி.ஏ. வகுப்பில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பற்றிச் சொன்னார்கள்: கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார், அவர்கள் எழுதிய குறிப்புகளை 1929இல் புத்தகமாக்கினார் என்று. அதன் அருமை அன்று எனக்குப் பிடிபடவில்லை. இந்தப் படிவத்தில் பிடிபட்டது. சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கி அலசல் அலசல் என்று மன்றாடியதும் இதற்குத்தான். நம் பக்கங்களில் இன்று வரும் மதிப்புரைகளில் பாதி 'மனதுக்கு நெருக்கமான தொகுப்பு' என்ற வகை. எந்த வரியில், எந்த இடத்தில் நெருங்கியது? தகவல் இல்லை. வவுச்சரில் தொகையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு நீட்டினால் என் கவுண்டரில் வாங்கமாட்டேன்.

சோதனையாளர்கள் ஓயாமல் எழுதும் புகார் ஒன்று உண்டு: 'சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகு செத்தேன்.' பெரும்பாலும் அது குறையே அல்ல. சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் திரையில் நிற்கும் எதிரி இப்போது அங்கே இருப்பவன் அல்ல. ஒரு விநாடியில் ஏதோ ஒரு சிறு பின்னம் முன்னால் அங்கே இருந்தவன். அவனுக்கு நானும் அப்படியே. பரஸ்பரம் பழைய பிம்பங்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம். யாருடைய கண்ணை நம்புவது? இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னுக்குச் சுற்றி, சுட்டவன் திரையில் அந்தக் கணம் எப்படி இருந்ததோ அப்படிக் கணக்கிடுகிறது. அதில் நான் இன்னும் வெளியேதான் நிற்கிறேன். செத்தவன் கண்ட சுவருக்குச் சாட்சியமில்லை. மழை பெய்து சிக்னல் இறங்கும் இரவுகளில் இந்தப் பின்னம் வளர்ந்து கண்ணுக்கே தெரியும். தர்ம சாஸ்திரக்காரர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை எஞ்சினியர்கள் சத்தமில்லாமல் தீர்மானித்துவிட்டார்கள். வேறு தீர்மானம் எனக்கும் தோன்றவில்லை.

1997 ஆகஸ்டில், அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டின் சோதனைக்காலத்தில், அதைப் படைத்த ரிச்சர்ட் காரியட் லார்ட் பிரிட்டிஷ் என்ற ராஜாவாகக் கூட்டத்தின் முன் தோன்றினார். ராஜாவுக்குச் சாகாவரம் உண்டு. ஆனால் சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது; வரத்தை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. ரெய்ன்ஸ் என்ற புனைபெயர்க்காரன் ஒரு தீ மந்திரத்தை வீசினான். ராஜா செத்தார். ரெய்ன்ஸ் வெளியேற்றப்பட்டான். கொன்றதற்காக அல்ல, முன்பே கண்ட குறைகளை எழுதி அனுப்பாமல் தனக்குப் பயன்படுத்திக்கொண்டதற்காக என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜத் துரோகம் மன்னிக்கப்படுகிறது, குறிப்பெழுதாமை மன்னிக்கப்படுவதில்லை.

ஒரு சோதனையில் வரைபடத்தின் வடகிழக்கில் ஒரு குன்று. தென்சரிவில் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, குதித்தால் பாறைக்குள் போய்விடலாம். இவற்றில் பாறைகளுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் வரைந்திருப்பார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் பாறையே இல்லை, வெட்டவெளி. வெளியே சண்டை நடப்பது முழுக்கத் தெரியும். குண்டு உள்ளே வராது, உள்ளிருந்து வெளியே போகாது. தற்செயலாக அதற்குள் நாலு பேர் சேர்ந்தோம். ஜெயங்கொண்டத்துக் கல்லூரிப் பையன் ஒருவன். ஓசூரில் இரவு ஷிப்டுக்குப் போகுமுன் ஆடும் தொழிலாளி. சில்சரிலிருந்து ஒருவர், அவரோடு அரைகுறை ஆங்கிலம். பையன் முதலில் 'ப்ரோ' என்றான். என் குரலில் வயது தெரிந்ததும் 'அண்ணே' ஆனான். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று சில்சர்க்காரர் சொன்னார். ஓசூர்க்காரர் கேன்டீன் சோற்றைத் திட்டினார். சுருங்கிவரும் வட்டம் எங்களைத் தொட்டு நால்வரையும் கொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்தடுத்த இரவுகளிலும் அங்கே போனோம். நூறு பேர் ஒருவரையொருவர் சுட இறக்கிவிடப்படும் அந்தத் தீவில் யாரும் யாரையும் சுடாத இடம் அது ஒன்றுதான். செய்தவர்கள் அதைச் செய்யவில்லை.

நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். நாலு படிகள், பத்துக்கு ஒன்பது. கடைசி வட்டம் அங்கே விழுந்தால் உள்ளே இருப்பவன் சும்மா ஜெயிப்பான். எழுதாமல் இருக்க முடியாது. அடுத்த வடிவத்தில் பாறை கெட்டியாகிவிட்டது. "யாருண்ணே போட்டுக்கொடுத்தது?" என்றான் பையன். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்துக்கு ஒம்போதுன்னா எழுதினீங்க? எனக்குப் பத்துக்குப் பத்துண்ணே" என்றான். மறுபடி அப்படியொரு பாறை கிடைத்தால் மறுபடியும் எழுதுவேன்.

சோதனை முடியும் நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். சேர்த்த ஆயுதம், பெயர், நண்பர் பட்டியல், எதுவும் மிஞ்சாது. பெரம்பலூர் பக்கம் காரையில் செம்மண் ஓடைகளில் நடந்தால் கிரிடேஷியஸ் காலத்துக் கடலின் கிளிஞ்சல்கள் காலில் தட்டுகின்றன. சாத்தனூரில் ஒரு மரம் கல்லாய்ப் படுத்திருக்கிறது. எங்கள் சிமெண்ட் ஆலைகள் அரைப்பதே அந்தக் கடலின் அடித்தளத்தைத்தான். அழிந்த கடல் இவ்வளவு விட்டுவைத்திருக்கிறது. அந்தக் குன்றுக்கு என்னிடம் இருப்பது நான் எழுதிய நாலு படிகள் மட்டும்.

அரியலூரில் கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் தருவார். இப்போதெல்லாம் படிவ முறையில்தான் பதில் எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கம் பற்றிய அவர் கவிதைக்கு எழுதினேன்: மூன்றாவது வரியில் எழுவாய் யாரென்று தெரியவில்லை, பத்து முறை படித்ததில் ஏழு முறை விழுந்தேன். அவருக்குக் கோபம். "விளையாட்டுக்கு ஓர் உத்தேசம் உண்டு சார், அதிலிருந்து விலகினால் குறை என்கிறீர்கள். கவிதைக்கு யாருடைய உத்தேசம்?" கனமான கேள்விதான், ஆசிரியனின் உத்தேசத்தைக் கொண்டு கவிதையை அளக்காதே என்று விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இலேயே சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டிலும் உத்தேசம் அவ்வளவு கெட்டியானதல்ல என்றேன். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல், ஓர் அடியை அடுத்த அடியோடு இடைவெளியில்லாமல் கோக்க முடிகிறது என்பதைத் தயாரிப்பின்போது குறையாகத்தான் கண்டார்கள். திருத்தாமல் விட்டார்கள். அதன்பின் வந்த சண்டை விளையாட்டுகளுக்கு அதுவே இலக்கணம்.

"குறிப்பெழுதியவன் சொன்னதைக் கேட்காததால் வந்த லாபம் அது" என்றார் நண்பர். இருக்கலாம், ஆனால் கண்டு, பார்த்து, தெரிந்து விட்டது. தெரியாமல் விட்டதல்ல.

கவிதை போன மாதம் அச்சுக்குப் போயிருக்கிறது. மூன்றாவது வரி அப்படியே இருக்கிறது. நான் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறேன், பத்துக்கு ஏழு.